அறுபத்து மூன்றாம் ஏடு

சேசு மரி சூசை

ஓலைத்தொடுவாய்,
1926 வைகாசி 3

பஸ்ரியன் மச்சானுக்கு செலீனா எழுதிக்கொள்வது.

சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமாயிருக்கிறவர்தான் மூன்று மாதமாக ஒரு வரி எழுதாமல் இருப்பார். நான் சுகமாயில்லை. உங்கள் தங்கச்சி றஞ்சிதம் தன் கடிதத்துக்குள் இதை மடித்து வைத்து அனுப்புகிறாள். அதற்கே என்னிடம் மூன்று தரம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

தலைமன்னார்ப் பாலத்தடிக் கந்தோரில் வேலை பார்க்கும் கிளாக்கர் ஒருவர், பெண்சாதியை இழந்தவர், போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து கோப்பி குடித்தார். என்னை ஒரு தரமும் எங்கள் பனங்காணியை இரண்டு தரமும் பார்த்தார். "ஆடித் திருநாள் முடியட்டும், முடிவு சொல்லுறன்" என்று ஐயா சொல்லி அனுப்பினார். உங்களுக்கு இருக்கிற தவணை அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் கோவில் கூட்டத்தில் உங்கள் ஐயாவும் என் ஐயாவும் வாயை அடக்கியிருந்தால் இந்நேரம் எனக்கு உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுகிற வேலை. திருநாள் வாசாப்பு நாடகத்தில் அரசனாக ஆடி முடி தரிப்பது யார் என்பதற்குத்தானே இவ்வளவும். நாடகத்தைப் பாடியவர் வீட்டுக்கே முடி என்பது ஊர் வழக்கம். என் அப்பு, ஐயாவைப் பெற்ற தம்பு அண்ணாவியார், பாடினது என்கிறார் என் ஐயா. உங்கள் அப்பு கொன்ஸ்ரன்ரைன் பாடினது என்கிறார் உங்கள் ஐயா. பாடியவர் பேர் கடைசிப் பாட்டில் வரவேண்டும், ஆனால் ஊரில் இருக்கிற கடதாசிக் கொப்பியில் அந்தப் பக்கம் இல்லை. "பேதுரு கிழிச்சுப் போட்டான்" என்று இங்கே என் ஐயா. "சந்தியோகு கிழிச்சுப் போட்டான்" என்று அங்கே உங்கள் ஐயா. நடுவில் கிழிந்தது நான்.

கொப்பிக்கு மூலமான ஓலை ஏட்டைப் பதினேழு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை கொழும்புப் பெரிய நூல்நிலையத்துக்கு என்று கேட்டு வாங்கிப் போனார். நீங்கள் வாத்தியார் வேலைக்குப் படிக்கிறதும் அதே கொழும்பில்தானே. ஒரு நாள் போங்கள். கடைசி ஏட்டைப் பார்த்து, இருக்கிறதை இருக்கிறபடி எழுதி அனுப்புங்கள். எந்த வீட்டுப் பேர் இருந்தாலும் சரி. தோற்றவர் மற்றவர் வீட்டுப் படி ஏறட்டும்.

செலீனா


கொழும்பு,
1926 வைகாசி 17

அன்புள்ள செலீனாவுக்கு,

மாசி மாதம் நான் உமக்கு நாலு பக்கம் எழுதினேன். றஞ்சிதத்தைக் கேட்டேன். "அவளின்ர ஐயா அடுப்பில போட்டிட்டார்" என்று இப்போதுதான் எழுதுகிறாள். ஆகவே எழுதாதவன் என்ற பட்டத்தை நீர் உமது ஐயாவுக்கே கொடும்.

நூல்நிலையத்துக்கு இரண்டு தரம் போய்விட்டேன். முதல் தரம் வாசலில் நிற்கிற பியூன் என் சப்பாத்தைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். கலாசாலைப் பெரியவரின் கடிதம் இல்லாமல் ஏடு பார்க்க முடியாதாம். பெரியவர் ஒரு மறைக்குரு. கடிதம் கேட்டால், "நாடக ஏடா? பாடப் புத்தகத்தில் அது எந்தப் பாடம்?" என்று கேட்டுவிட்டு ஒன்பது நாள் யோசித்தார். கடிதத்தோடு ஓடினேன். அன்றைக்கு நூல்நிலையம் பூட்டு. கிழமையில் ஒரு நாள் பூட்டுவார்களாம், அந்த நாள் பார்த்துத்தான் நான் போயிருக்கிறேன். ஆண்டி மடம் கட்டின கதை மாதிரித்தான் என் காரியம்.

எனக்கு இன்னொரு எரிச்சலும் இருக்கிறது. எந்த வீட்டுப் பேர் இருந்தாலும் சரி என்று எழுதினீர். உமது அப்புவின் பேர் இருந்தால் என் ஐயா உமது வீட்டுப் படி ஏறவேண்டும். அவர் ஏறுவார் என்று நினைக்கிறீரா? அவருக்கு முழங்கால் வருத்தம் வேறு.

பஸ்ரியன்


ஓலைத்தொடுவாய்,
1926 வைகாசி 25

மச்சானுக்கு,

கிளாக்கர் மறுபடியும் வந்தார். இந்த முறை ஒரு பிஸ்கற் தகரத்தோடு. தகரத்துக்குள் பிஸ்கற் நொறுங்காமல் இருக்க வளைத்து வைத்திருந்த தடித்த மட்டையைக்கூட அம்மா எறியாமல் எடுத்து வைத்திருக்கிறா. அவ்வளவு மரியாதை அவருக்கு இந்த வீட்டில்.

இங்கிலிசுச் சோதனை எல்லாம் பாஸ் பண்ணினவருக்கு ஒரு பியூனைப் பாஸ் பண்ண முடியவில்லையா? உங்கள் ஐயாவின் முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதினீர்கள். என் கழுத்தைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படுங்கள். அதில் யார் தாலி ஏறும் என்று இன்னும் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

எனக்குக் கோபம் உங்களோடு இல்லை. ஆனால் கோபிக்க வேறு ஆளும் இல்லை.

செலீனா


கொழும்பு,
1926 ஆனி 4

அன்புள்ள செலீனாவுக்கு,

நேற்று உள்ளே போய்விட்டேன். முழுதும் வாசித்துவிட்டுப் பிறகு கோபியும்.

நற்கருணைத் திருநாள் என்று கலாசாலைக்கு விடுமுறை. காலைப் பூசை முடிந்த கையோடு ட்ராமில் ஏறிப் போனேன். அதே பியூன். கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டு என்னைப் போக விட்டான். உள்ளே ஒரு பறங்கிக் கிளாக்கர். கை கழுவச் சொன்னார், கழுவினேன். பேனையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சில் தந்தார். ஏடு வரும் வரை இரும் என்றார்.

இருந்தேன், இருந்தேன், மர வாங்கில் அச்சுப் பதிகிற அளவுக்கு இருந்தேன். எனக்குப் பிறகு ஒரு துரை வந்தார். அவருக்கு ஐந்து நிமிஷத்தில் ஒரு சிங்கள ஏடு வந்தது. மேற்பலகையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கொடி எழுதி, கட்டுகிற கயிற்று நுனியில் யானைத் தந்தக் குமிழ் வைத்த ஏடு. ஆத்திரம் ஆத்திரமாக வந்தாலும் கண் அங்கேதான் போனது. இன்னொரு மேசையில் வெள்ளித் தகட்டில் வெட்டிய எழுத்து. மூன்றாம் மேசையில் ஒரு பிக்கு தன் முழங்கை நீள ஏட்டை மூச்சு விடாமல் புரட்டிக்கொண்டிருந்தார். உலகத்தில் இவ்வளவு ஏடு இருக்கிறது, எங்கள் இரண்டு வீடும் ஒன்றுக்காக மண்டையை உடைக்கிறது என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு நமது ஏடு வந்தது. பூக்கொடியும் இல்லை, தந்தமும் இல்லை. இரண்டு பனஞ்சிராய்ப் பலகைக்கு நடுவில் கட்டியிருந்தது. முதல் ஏட்டில் ஒரு சிலுவை. பார்த்ததும் நானும் சிலுவை போட்டுக்கொண்டேன், சொல்ல என்ன வெட்கம்.

ஆனால் எழுத்துத் தெரியவில்லை. கீறின எழுத்தில் பூசியிருந்த கரி எல்லாம் போய்விட்டது. "கொஞ்சம் கரி பூசினால் வாசிக்கலாம்" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கிளாக்கர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பிறகு யன்னலோரம் போய் ஒவ்வோர் ஏடாக வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்குப் பூட்டி வெளியே விட்டார்கள். திரும்பி வந்தால் மறுபடி கடிதம், மறுபடி கை கழுவல். இரண்டு மணிக்கு மழை. பியூன் யன்னல்களைப் பூட்டிவிட்டான். விளக்குக் கேட்டால், "இங்க விளக்கு இல்ல, நெருப்புப் பத்தும்" என்றான். இருட்டுக்குள் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். அழுகை வந்தது என்று நீர் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்.

மூன்றரைக்கு மழை விட்டது. நேரே கடைசிக்குப் போனேன். அறுபத்திரண்டாம் ஏட்டின் கடைசி வரி: "இக்கதையைப் பாட்டாக இசைத்தவர் பேர் கேளீர்." அதோடு சரி. கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு மற்றப் பக்கம் திருப்பினால் வெறும் ஓலை. அறுபத்து மூன்றாம் ஏடு இல்லை. மூன்று தரம் எண்ணினேன்.

கிளாக்கர் நல்ல மனுசன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பதினேழு வருஷத்துக்கு முந்திய பதிவு. ஏடு அறுபத்திரண்டு, அதற்கு மேல் கிடையாது என்று கொடுத்தவர் சொன்னதாகக் குறிப்பு. கொடுத்தவர் கையெழுத்துத் தம்பு. அதற்குக் கீழே சாட்சி, கொன்ஸ்ரன்ரைன். இரண்டு அப்புமாரும் ஒரே கடதாசியில்.

நாடகம் பழக்குகிற அண்ணாவிமார் வழக்கம் என்னைவிட உமக்குத் தெரியும். வேற்றாருக்கு ஏடு கொடுக்கும்போது ஒன்றை உருவி வைத்துக்கொள்வார்கள், அடுத்த ஊரார் முழுதாக ஆடிவிடக் கூடாதென்று. ஏட்டை வைத்திருந்தது உமது வீடு. ஆகவே உருவியதும் உமது வீடு. மூன்று வருஷமாக என் ஐயாவைக் கள்ளன் என்று சொல்லித் திரிந்தது யார் என்று உமது ஐயாவைக் கேட்டுப் பாரும். என் அப்புவும் ஏன் அதற்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பஸ்ரியன்


ஓலைத்தொடுவாய்,
1926 ஆனி 19

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் உங்களைத் திட்டினேன். மூன்றாம் நாள் தேடத் தொடங்கினேன். பெட்டகம், அலுமாரி, கூரைக்கு மேல் செருகிய மூங்கில் எல்லாம் பார்த்தேன். "என்ன தேடுறாய்?" என்று அம்மா கேட்டா. "கறையான்" என்றேன். ஒரு கிழமை தேடியும் கறையான்தான் கிடைத்தது.

பிறகு நேற்று ஐயா முடிப் பெட்டியைத் திறந்து அரசன் முடியை என்னிடம் தந்தார். "உள்துணி இத்துப் போச்சு, திருநாளுக்கு முதல் புதுசு போட்டுத் தை" என்றார். பெட்டித் திறப்பை அவர் இடுப்பை விட்டு இறக்குவதில்லை, அது உங்களுக்கும் தெரியும். பழைய சிவப்புத் துணியைப் பிரித்தேன். தலையைச் சுற்றி வருகிற இடத்தில், முடி விறைப்பாக நிற்பதற்காக என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்த பட்டை ஒன்று. அது ஓலை. எழுத்துள்ள ஓலை.

அடுப்புக் கரியை எடுத்துப் பூசினேன். இங்கே என்னைத் தடுக்கக் கிளாக்கர் இல்லை. இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறேன்:

"முசலிக் கரை முள்ளிக்குளத்து மீராசாஹிபு பாடியது. தோணி கவிழ்ந்து கடலில் கிடந்த என்னை ஒரே வள்ளத்தில் வந்து எடுத்துக் கரை சேர்த்த தம்புவுக்கும் கொன்ஸ்ரன்ரைனுக்கும் கைம்மாறு செய்ய என்னிடம் வேறொன்றும் இல்லாதபடியால், அவர்கள் கோவிற் கதையை அவர்கள் சொல்லக் கேட்டுப் பாட்டாக்கிக் கொடுத்தேன். பிழை இருந்தால் பொறுக்க."

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு சிரித்தேன். பிறகு முடியைச் சுவரில் எறியவேண்டும்போல் இருந்தது. நம் வீட்டாரும் இல்லை, நம் வேதத்தாரும் இல்லை. பாடியவர் பேரைத் தலையில் கட்டிக்கொண்டு வருஷா வருஷம் கோவில் முற்றத்தில் ஆடியிருக்கிறார்கள். அதே தலையை ஆட்டி ஆட்டித்தான் "எங்கட அப்பு பாடினது" என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வள்ளத்தில் போன இரண்டு பேரின் பிள்ளைகளுக்கு ஒரே வாங்கில் இருக்க முடியவில்லை.

மீன் பிடிக்கப் போயிருந்த ஐயா கடலால் வந்ததும் ஓலையைக் காட்டினேன். அவர் திடுக்கிடவேயில்லை.

"வாசிச்சிட்டியோ? கரி போன ஓலை, உனக்கு வாசிக்க வராதெண்டுதான் முடியைத் தந்தனான்" என்றார்.

"ஓம்."

"பேதுருவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சின்னனில சத்தியம் பண்ணினனாங்கள், சொல்லுறேல்லை எண்டு. வேதத்தில இல்லாத ஆள் பாடினது எண்டு தெரிஞ்சால் பங்குச் சுவாமி ஆட விடுவாரோ? பக்கத்து ஊர்ப் பேசாலையார் சிரிக்கமாட்டினமோ?"

"அப்ப ஏன் ஐயா சண்டை?"

உப்புப் பிடித்த சால்வையை உதறிக்கொண்டே, "அவன்தான் முதல் தொடங்கினவன்" என்றார். ஐம்பத்தெட்டு வயது, மச்சான்.

ஓலை என்னிடம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

செலீனா


கொழும்பு,
1926 ஆனி 27

அன்புள்ள செலீனாவுக்கு,

நான் ஒரு பிழை செய்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லுகிறேன்.

உமது கடிதம் வருவதற்கு முதல், ஆத்திரத்தில் மறுபடி நூல்நிலையத்துக்குப் போனேன். "காணாமற் போன ஏடு ஊரில்தான் இருக்கிறது, அண்ணாவி வீட்டில்" என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்பட்டு மேலே அறிவித்துவிட்டார். மன்னார் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதிவிட்டார்களாம். இனி கச்சேரிக் கட்டளையோடு விதானையார் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். உமது ஐயாவுக்கு ஒரு பாடம் படிப்பிக்க நினைத்தேன். பாடம் யாருக்கு என்று இப்போது தெரிகிறது.

என்னைத் திட்டும். ஆனால் ஒன்று கேளும். அந்த ஏட்டைக் கொடுத்துவிட்டால் என்ன? பாடியவர் பேர் பாடியவருக்குப் போகட்டும். ஒரு மனுசன் தன் உயிருக்கு ஈடாகப் பாடினதை இவர்கள் ஒளித்து வைத்தார்கள், பிறகு அதற்கே அடிபட்டார்கள். திருநாளன்று கோவில் முற்றத்தில் நின்று நானே வாசிக்கிறேன். நம்மைப் பிரித்தது ஒரு பொய். இன்னொரு பொய்யை வைத்துக்கொண்டு நாம் குடும்பம் தொடங்குவதா?

எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. இங்கே கொதித்து என்ன பயன், ரயில் ஏற இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

பஸ்ரியன்


ஓலைத்தொடுவாய்,
1926 ஆடி 12

மச்சானுக்கு,

திட்ட நேரம் இருக்கவில்லை. விதானையார் போன செவ்வாய்க்கிழமை கச்சேரிக் கடிதத்தோடு வந்தார். அதற்கு முதல் நடந்ததைக் கேளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே நான் ஐயாவிடம் சொன்னேன். "விதானையார் வாறார். வந்தால் ஏட்டைக் குடுப்பன். கேட்டால் வாசிச்சும் காட்டுவன். வேண்டாமெண்டால் நீங்கள் இப்பவே பேதுரு மாமா வீட்டை போங்கோ."

"தகப்பனை வெருட்டுறியோ?"

"ஓம்" என்றேன்.

மறுநாள் பின்னேரம் ஐயா வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை றஞ்சிதம் சொன்னாள். இரண்டு பேரும் ஒரு தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தார்களாம். பிறகு உங்கள் ஐயா, "உன்ர பெட்டை கெட்டிக்காரி" என்றாராம். என் ஐயா, "உன்ர பெடியன்தான் கச்சேரிக்கு மூட்டிவிட்டவன்" என்றாராம். அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் பழைய மாதிரிக் கதை வந்ததாம், பிள்ளைகளைத் திட்டுகிற கதை.

விதானையார் வந்தபோது உங்கள் ஐயா எங்கள் வீட்டில் இருந்தார். முழங்கால் வருத்தத்தோடு படி ஏறி வந்து, கிளாக்கர் இருந்த அதே கதிரையில். "அறுபத்திரண்டு ஏட்டுக்கு மேல் எங்கள் ஊரில் ஏடு கிடையாது" என்று விதானையார் எழுதிய கடதாசியில் என் ஐயா கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே உங்கள் ஐயா. கோப்பி கொண்டுவந்த நான் தட்டத்தோடு அப்படியே நின்றேன். நீங்கள் கொழும்பில் பார்த்த கடதாசியை நானும் பார்த்துவிட்டேன்.

முற்கூத்துக்கு என் ஐயா முடி தரிப்பார், பிற்கூத்துக்கு உங்கள் ஐயா. கிளாக்கருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வருகிற ஞாயிறு தொடங்கி மூன்று ஞாயிறும் சுவாமி பூசையில் கலியாணத்துக்கென்று நம் பேரை வாசிப்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்குள் மீன் முள் ஒன்றும் கிடக்கிறது, விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. நீங்கள் எழுதினது சரி. மீராசாஹிபுவுக்கு நாங்களும் அநியாயம் செய்துவிட்டோம், இரண்டு அப்புமார் செய்த அதே அநியாயத்தை. கலியாணம் முடிந்ததும் முள்ளிக்குளம் போவோம். அவருடைய ஆட்கள் யாராவது இருப்பார்கள். ஏட்டை அவர்கள் கையில் கொடுத்து, செய்ததைச் சொல்லுவோம். பிறகு அதைக் கொழும்புக்குக் கொடுப்பதோ, வைத்திருப்பதோ, எங்கள் முற்றத்தில் வந்து நின்று வாசிப்பதோ அவர்கள் பாடு. இது என் வாக்கு.

ஐயா நேற்றுக் கேட்டார், "ஓலை எங்கையடி?" என்று.

"முடிக்குள்ள திரும்ப வைச்சுத் தைச்சிட்டன் ஐயா" என்றேன்.

அவர் முடியை எடுத்து விரலால் அமர்த்திப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. திருப்தியாகப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளே இருப்பது கிளாக்கர் கொண்டுவந்த பிஸ்கற் தகரத்து மட்டை.

ஏடு எங்கே என்று நீங்களும் கேட்பீர்கள். மூன்றாம் ஞாயிறு வாசித்து முடியும் வரை உங்களுக்கும் சொல்லமாட்டேன். நீங்கள் ஒரு தரம் நூல்நிலையக் கிளாக்கரிடம் வாய் விட்டவர். என் ஐயாவோ இன்னும் மூன்று கிழமைக்குள் இன்னொரு சண்டை பிடிக்கக் கூடியவர். முழு ஏட்டையும் ஒருவர் கையிலும் கொடுக்காதே என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

திருநாளுக்கு முதல்நாள் ரயிலில் வாருங்கள். ஸ்ரேசனுக்கு இரண்டு ஐயாமாரும் ஒரே வண்டிலில் வருகிறார்களாம்.

செலீனா